இட்லிக்கு ஒரு போலீஸ் ஜீப்

என் மகள் யாழினியை நான் போலீஸைக் காட்டித்தான் வளர்த்தேன். நான் பி.எட். படித்தவள். குழந்தை உளவியலில் முதல் வகுப்பு. (தாளில் மட்டும்.)

காலையில் அவள் வாயை இறுக மூடிக்கொண்டால், அணைத்த செல்போனை எடுத்துக் காதில் வைப்பேன். "ஸ்டேஷனா? இங்கன ஒரு பிள்ளை ரெண்டாவது இட்லியத் தொடமாட்டேங்குது. ஜீப்ப எடுத்துட்டு வாங்க." இட்லி உள்ளே போய்விடும். அப்புறம் பகல் முழுக்க, பிஞ்சு மனம் பாதிக்குமோ என்று அதே செல்போனில் கட்டுரை தேடுவேன். மறுநாள் காலை மறுபடியும் ஜீப்.

இந்த நிலையில், பாதுகாப்பு வகுப்பு எடுக்க வாரம் ஒருமுறை பெண் எஸ்.ஐ. ஒருவர் வருவார், முதல் நாள் மட்டும் பெற்றோரும் வரலாம் என்று பள்ளி வாட்ஸ்அப் குழுவில் சேதி வந்தது. 'துப்பாக்கி கொண்டு வருவார்களா?' என்று கேட்டேன். அழித்தேன். மறுபடி கேட்டேன்.

யூ.கே.ஜி. வகுப்பில் பின்சுவரை ஒட்டி அம்மாக்கள் நின்றோம். எஸ்.ஐ. சிரித்த முகத்தோடு நுழைந்து, "வணக்கம் பாப்பாக்களா!" என்றார்.

இருபத்தெட்டுப் பிள்ளைகளும் பையைத் திறந்தார்கள். டப்பாவைத் திறந்தார்கள். காலை ஒன்பதரை மணிக்கு மதியச் சோற்றை அள்ளி அள்ளி விழுங்கினார்கள். (போன் போட்டது நான் மட்டுமல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.)

"ஏ ஆத்தா, மெதுவா! யாரு உங்கள இப்பிடி விரட்டுனா?"

வாய் நிறைய எலுமிச்சைச் சோற்றோடு யாழினி எழுந்தாள். "எங்கம்மாதேன் தெனமும் உங்களுக்குப் போன் போடுதுல்ல? மறந்துட்டீகளா? அந்தா நிக்குது!"

மற்ற இருபத்தேழு அம்மாக்களும், இப்படியொரு கொடுமையைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எஸ்.ஐ. அருகில் வந்தார். "ஏம்மா, நாளைக்கு ஒண்ணுன்னா இதுக எங்ககிட்டத்தான ஓடி வரணும்? எங்களப் பாத்தே ஓட வச்சா எப்பிடி?"

"தப்புத்தான் மேடம். உங்க வீட்ல பிள்ளை சாப்பிடலன்னா என்ன செய்வீக?" (கேட்டிருக்க வேண்டாம்.)

அவர் குரலைத் தாழ்த்தினார். "மிஸ்ஸுகிட்டச் சொல்லிருவேன்னுதேன் மிரட்டுவேன்."

கரும்பலகை அருகே நின்ற மிஸ் காதில் அது நன்றாகவே விழுந்தது.

அன்று பாடம் நடக்கவில்லை. எஸ்.ஐ. குட்டி நாற்காலியில் உட்கார்ந்து யாழினி ஊட்டிய ஒரு வாய் சோற்றை வாங்கிக்கொண்டார். அவருடைய தொப்பி வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தது.

அடுத்த காணும் பொங்கலன்று, வைகை அணைப் பூங்காக் கூட்டத்தில் யாழினியின் கையை விட்டுவிட்டேன். பெயர் சொல்லிக் கத்தி, அழுது, பூங்காவை மூன்று சுற்றுச் சுற்றினேன். திடீரென்று ஒலிபெருக்கியில் ஒரு காவலர் குரல்: "யாழினி பாப்பாவோட அம்மாவக் காணோம். பாத்தவுக உடனே கூட்டிட்டு வாங்க. அடையாளம்: பச்சைச் சேலை, பயந்த முகம்."

அடையாளம் சொன்னவள் என் மகள். கையை விட்டதும் நேராகப் போலீஸிடம் ஓடி, அம்மா தொலைந்துவிட்டாள் என்று புகார் கொடுத்திருக்கிறாள்.

அன்றே என் கணவர் தன் செல்போனில் என் பெயரை மாற்றிவிட்டார். நான் கூப்பிட்டால் இன்றும் அவருக்குத் திரையில் வருவது, 'பயந்த முகம்'.