பொட்டு வைத்த கணினியும் ஒன்பது மணி பஸ்ஸும்

கிட்டே வாங்க கண்ணுங்களா, காலை நீட்டி உட்காருங்க. கடற்காற்றும் அசந்து நின்ற ஒரு பெரும்போரைச் சொல்கிறேன்.

வாழ்க அஞ்செல்! ரெட்டியார்பாளையத்து ஜெராக்ஸ் கடையின் தனிப்பெருந்தளபதி, பத்துவிரற் படையுடையாள், மூன்றாண்டாக ஒருநாள் விடுப்பும் அறியாதாள் வாழ்க!

ஏன் அறியாதாள்? கடையின் கணினி பாரிசிலிருந்து வந்திறங்கியது. விசைப்பலகையில் எழுத்துகள் இடம்மாறிக் கிடக்கும். திரையும் பிரெஞ்சே பேசும். நேற்றைய படிவங்களைத் தொண்டையில் அடைத்துக்கொண்டு குன்றெனக் கிடக்கும் அச்சுப்பொறியைக் காலைதோறும் எழுப்ப, கருஞ்சாளரம் திறந்து, மூன்று வரிக் கட்டளையைப் பிழையறத் தட்ட அவளொருத்தியாலேயே ஆகும். தட்டாவிட்டால், பிரெஞ்சு அரசு தரும் பென்ஷனுக்கு ‘உயிரோடிருக்கிறேன்’ என்னும் சான்றை அச்சிட வந்த முதியோர் வரிசை விழுப்புரம் சாலையையே மறிக்கும்.

அன்றோ தவளக்குப்பத்தில் தங்கை வலேரிக்குப் பத்து மணிக்கு நிச்சயதார்த்தம்; ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

“நீ போய்ட்டா அந்தக் கருப்புப் பொட்டியில யாரும்மா அடிக்கிறது, நானா?” என்றார் முதலாளி எழிலரசன்.

வீராங்கனை அஞ்சினாளில்லை. மூவரிகளையும் ஒரு கோப்பில் அடைத்து, அதற்கொரு குறுக்குவழிப் படம் படைத்து, கல்யாணப் பத்திரிகைகள் காடாய் மண்டிய திரையின் நட்டநடுவே கொடிக்கம்பமென நாட்டினாள்.

“இதுமேல ரெண்டு தட்டு தட்டுங்க சார். அவ்ளோதான்.”

தட்டினார். எழுந்தது வாயிற்காவலன் போலொரு பெட்டி, ‘அனுமதிக்கலாமா?’ எனப் பிரெஞ்சில் வினவியது. இடப்பக்கம் ‘ஆம்’, வலப்பக்கம் ‘இல்லை’. எவ்வாசலிலும் வலக்காலன்றி வைத்தறியாத எழிலரசன், பிரெஞ்சும் அறியாதவராகையால், வலப்பக்கத்தையே அழுத்தினார். பொறி அசையவில்லை. மீண்டும் வலம். மும்முறை வலம்!

“எடதுல அமுக்குங்க சார்!”

“காலங்காத்தால எடதுலயா? வெளங்குமா?”

வரிசையின் முதல்வர், எண்பது வயது ஆலேன் முழங்கினார்: “எப்பா, நான் உயிரோட இருக்கேன்னு நான் உயிரோட இருக்கறப்பவே அடிச்சிக் குடுத்துடுங்க!”

மணி எட்டு ஐம்பது. அஞ்செல் தன் நெற்றியின் செஞ்சுடர் ஸ்டிக்கர் பொட்டை உருவி, திரையில் ஒளிர்ந்த இடப்பக்கப் பொத்தான்மேல் ஒட்டினாள்.

“இப்பப் பாருங்க சார். பொட்டு வச்ச எடம்.”

பொட்டு வைத்த இடம் மங்கலமன்றோ! எழிலரசன் செருப்பைக் கழற்றினார். மௌஸின் அம்பைப் பொட்டுக்கு நேரே நிறுத்தி, கண்மூடி அழுத்தினார். கருஞ்சாளரம் மின்னலென இமைத்து மறைய, அச்சுப்பொறி போர்யானையெனப் பிளிறி, திசையெட்டும் அதிர, ஆலேன் உயிரோடிருக்கும் செய்தியை இரண்டு பிரதிகளில் உலகுக்கு அறிவித்தது!

அஞ்செல் வெறும் நெற்றியோடு ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினாள். உங்க வீட்டு விசேஷத்துக்கும் எல்லாருக்கும் லீவு கிடைக்கட்டும், கண்ணுங்களா.