சாம்பல் கட்டத்துக்குள் ரேவதி கல்யாணம்

கம்ப்யூட்டர் தெரியும் என்று வீட்டில் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அப்புறம் தெரியாது என்று சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. டிப்ளமா முடித்த புதிதில், டெல்லியில் எங்கள் ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் என்னை விஞ்சிய நிபுணர் யாரும் இல்லை. (எங்கள் பிளாக்கில் வேறு யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லை என்பது தனி விஷயம்.)

அந்த மிதப்பில்தான் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன். மாமா மகள் ரேவதிக்குச் சென்னையில் கல்யாணம். எங்கள் வீட்டில் தங்கி டெல்லியில் கல்லூரி படித்தவள். அம்மாவுக்கு என்னைவிட அவள்மேல் ஒரு பிடி பாசம் கூடுதல். மாப்பிள்ளை பார்த்து முடித்துவைத்தவளும் அம்மாதான். கல்யாணத்துக்குத் துணி எடுக்க சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, அம்மாவுக்கு முழங்கால்வரை மாவுக்கட்டு. ரயில் டிக்கெட்டை ரத்து செய்த அன்று அம்மா சாப்பிடவே இல்லை. போனில் ரேவதி அழுதாள்.

"அழாதட்டி. தாலி கட்டுதப்போ அத்தை பாத்துக்கிட்டேதான் இருப்பேன். இங்கேருந்தே அட்சதை போடுவேன்" என்றாள் அம்மா.

கல்யாணத்தை மண்டபத்துக்காரர்களே இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுவார்கள் என்று மாமா முகவரி அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "ஒரே கிளிக்தான்மா" என்று விரலைச் சொடுக்கினேன்.

அன்று காலை அம்மா பட்டுப்புடவை கட்டி, மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டி, மடியில் அட்சதைத் தட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். கீழ் வீட்டு சோப்ரா ஆன்ட்டி லட்டு டப்பாவோடு வந்து சேர்ந்தார். முகூர்த்தம் எட்டரையிலிருந்து பத்துக்குள். நான் கிளிக் செய்தேன்.

ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு சாம்பல் கட்டங்கள் வந்தன. கட்டங்களுக்கு மேலே தமிழில் ஏதோ எழுதியிருக்க வேண்டும். அந்த எழுத்துரு எங்களிடம் இல்லாததால் கொக்கியும் கேள்விக்குறியுமாகத் தெரிந்தது. படம் மட்டும் இல்லை.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. வீடியோ ஓடுவதற்கு பிரவுசருக்குள் பிளக்-இன் என்ற துணை மென்பொருள் வேண்டும். எங்களிடம் இருந்தது. கம்ப்யூட்டர் வேகமாக ஓடும் என்று எங்கோ படித்துவிட்டு, போன வாரம்தான் பெயர் புரியாத எல்லாவற்றையும் நானே அணைத்து வைத்திருந்தேன்.

மெனுவுக்குள் மெனுவாகப் போய் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினேன். 'இதை நம்புகிறீர்களா?' என்று கேட்டது. நம்புகிறேன், நம்புகிறேன், நம்புகிறேன். பிரவுசர் அப்படியே உறைந்து நின்றது. நரிப் படம் போட்ட இன்னொரு பிரவுசரைத் திறந்தேன். அதற்குத் தனியாக பிளக்-இன் இறக்க வேண்டுமாம். பச்சைக் கோடு நகர்வேனா என்றது.

"என்னட்டி, இன்னும் ஒண்ணும் தெரியலையே?"

"வந்துரும்மா."

"பொண்ண மணவறைக்குக் கூட்டிட்டு வந்திருப்பாகளே."

டிப்ளமா சர்டிபிகேட்டை அப்பா சுவரில் மாட்டியிருந்தார். அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

திடீரென்று நாதஸ்வரம் கேட்டது. மேல் கட்டத்தில் தீப்பெட்டி அளவுக்குப் படம். ஓமப்புகை, குனிந்த தலைகள், அரக்குச் சேலையில் மணப்பெண். கீழ்க் கட்டம் சாம்பலாகவே இருந்தது. விளம்பரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"அந்தா, என் தம்பி" என்றாள் அம்மா. அப்பா தன் பழைய ஆபீஸ் நண்பரையே கண்டுபிடித்தார். சோப்ரா ஆன்ட்டி மட்டும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நிச்சயதார்த்த போட்டோவில் இருந்த பையனுக்கு மீசை இல்லையே என்று இந்தியில் இழுத்தார்.

"கல்யாணத்துக்காக வளத்திருப்பாரு" என்று அம்மா முடித்துவிட்டாள்.

கெட்டிமேளம் கொட்டியது. அம்மா தேம்பி அழுதபடி இரண்டு கையாலும் அட்சதையை அள்ளி அள்ளி மானிட்டர்மேல் போட்டாள். தட்டு காலி. கீபோர்டு மஞ்சளாகிவிட்டது. லட்டை வாயில் வைத்தபோது அப்பாவின் மொபைல் அடித்தது. மாமா.

"அத்தான், நல்லாத் தெரியுதா? மாப்பிள்ளை இப்பதான் மணவறைக்கு வாராரு."

"இப்பதானா? தாலி கட்டியாச்சே" என்றார் அப்பா.

"அது மாடி மண்டபத்துல வேற யாரோ கல்யாணம். நம்மது கீழ் மண்டபம்."

கீழ்க் கட்டத்தைப் பார்த்தேன். மாடிக்கு ஒரு வீடியோக்காரர், கீழே வேறொருவர். இதற்கு வேறு பிளக்-இன். பழைய பிரவுசருக்கே ஓடினேன். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் ஆயிற்று என்றது. அப்பா "ஜல்தி, ஜல்தி" என்று என் நாற்காலியைப் பிடித்து ஆட்டினார். அம்மா ஹேர்பின்னால் கீபோர்டு இடுக்கிலிருந்து அரிசியை ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திரை இன்னும் கறுப்பாக இருக்கும்போதே, மொபைலுக்குள்ளிருந்து கெட்டிமேளம் கேட்டது. அப்பா அதை அம்மாவின் காதில் வைத்தார். சேர்த்த அரிசியை அம்மா அந்த மொபைல்மேலேயே போட்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஒருவழியாகப் படம் வந்தபோது சடங்கெல்லாம் முடிந்திருந்தது. அப்பா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். ரேவதி மாலையும் கழுத்துமாகக் கேமராவுக்கு நேரே வந்து, புருஷனையும் இழுத்து வைத்துக்கொண்டு, தரையில் விழுந்து கும்பிட்டாள். அட்சதை இல்லை. சோப்ரா ஆன்ட்டி ஒரு லட்டை உதிர்த்து அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதைப் போட்டாள். மானிட்டரில் நெய்க்கறை கடைசிவரை போகவில்லை.

ரேவதிக்கு இப்போது கல்லூரிக்குப் போகும் பையன் இருக்கிறான். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் இப்போது நாங்கள் இருக்கும் துவாரகாவிலிருந்து நான்தான் அம்மாவை ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோவிலுக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே இரண்டு அர்ச்சனை. ரேவதிக்குப் பெயர், நட்சத்திரம் எல்லாம் சொல்வாள்.

"இன்னொரு அர்ச்சனை யார் பேருக்கு?" என்று குருக்கள் முதல் வருஷம் கேட்டார்.

"பேரு தெரியாது சாமி. மாடி மண்டபத்துல கல்யாணம் ஆனவங்க. மனசாரப் போட்ட அட்சதை, அவங்களும் நல்லா இருக்கணும்லா" என்றாள் அம்மா.

இப்போதெல்லாம் குருக்கள் கேட்பதில்லை. ரேவதி அர்ச்சனை முடிந்ததும் அவரே "மாடி மண்டபம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்.