வெடியுப்பு குடித்த முளைப்பாரி

படித்ததை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் ஓர் அளவுக் கோப்பை வாங்கிக்கொள்வது நல்லது. என்னிடம் அது இல்லை. தன்னம்பிக்கை இருந்தது.

வேளாண்மைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, பங்குனிப் பொங்கலுக்கு விஸ்வநத்தத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். (வீட்டில் மாமாவிடம் மட்டும் செல்போன் இருந்த காலம்.) லைசென்ஸ் புதுப்பித்து வராததால் மாமாவின் சிறிய பட்டாசுக் கம்பெனி பூட்டிக் கிடந்தது. லைசென்ஸ் வர வேண்டும் என்று அத்தை அம்மனுக்கு முளைப்பாரி நேர்ந்திருந்தாள். தானியங்களைச் சட்டியில் முளைக்கவைத்து, தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"நீதான் இதுக்குன்னே படிக்கியே, நீயே தண்ணி ஊத்தி வளத்துரு," என்றாள். "பயிரு எம்புட்டு ஒசரமோ அம்புட்டு நல்லது."

(வளராவிட்டால் என்ன அர்த்தம் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.)

வெறும் தண்ணீர் ஊற்ற ஒரு பட்டப்படிப்பு எதற்கு? விதையை வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்தால் முளைப்பு சீராக இருக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பட்டாசு மருந்தில் சேரும் அதே உப்பு. மற்ற ஊர்க்காரர்கள் அதற்கு அலைய வேண்டும்; நான் மாமாவிடம் கேட்டால் போதும்.

"எதுக்கு?"

"பயிருக்கு மாமா."

"வெடிச்சிராதுல்ல?"

பாடத்தில் இருந்தது: சிட்டிகை உப்பு, ஒரே முறை, பிறகு நல்ல தண்ணீரில் கழுவுதல். நான் செய்தது: கைநிறைய உப்பு, தினமும் இரு வேளை, கழுவவே இல்லை. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு சட்டியிலேயே தங்கிச் சேர்ந்தது. அவ்வளவு உப்புக்கு நடுவே, ஈரம் இருந்தும் விதையால் அதை உறிஞ்ச முடியாது. பாசிப்பயறும் தட்டாம்பயறும் போட்டது போட்டபடி கிடந்தன. எட்டிப் பார்த்த ஒன்றிரண்டும் நுனி கருகி நின்றுவிட்டன. சோளம் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நூல் நூலாக வந்தது. பயறைவிடச் சோளம் உப்பைத் தாங்கும் என்ற பாடம் அப்படியே நிரூபணமானது. அத்தைக்கு அது ஆறுதலாக இல்லை.

"என்னத்தடி ஊத்துன?"

சொன்னேன். அவள் மாமா பக்கம் திரும்பினாள். "லைசென்ஸ் இல்லாத கம்பெனி உப்பக் குடுத்து, லைசென்ஸுக்கு வச்ச பயிரக் கொன்னுட்டீகளே."

நேர்ந்ததை மாற்ற முடியாது. அதையே தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மற்றவர்கள் தலையில் பயிர் அடர்ந்து அசைந்தது. பின்னால் வந்த பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "என்ன மதினி, முளைப்பாரிக்கே மொட்டை போட்டுட்டீகளா?"

வரிசையே சிரிப்பில் குலுங்கியது. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமாடி, எங்க வேண்டுதல் பெருசு."

லைசென்ஸ் வந்தது, தீபாவளி ஆர்டரில் பாதி கைவிட்டுப் போன பிறகு. ஆபீஸில் இழுத்தடித்தார்கள் என்றார் மாமா. "மொளச்ச அளவுக்குத்தான் கிடைக்கும்," என்றாள் அத்தை.

சில வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், என்ன வேலை என்று கேட்டார்கள். அத்தை முந்திக்கொண்டாள்: "விதைப் பரிசோதனை. எந்த விதை மொளைக்காதுன்னு சரியாச் சொல்லிருவா. மொளைக்கிறதயும் மொளைக்காம ஆக்கிருவா." பிறகு முழுக் கதையும் சொன்னாள்.

கல்யாணம் நின்றுவிடவில்லை. ஆனால் இன்றும் மாமியார் வீட்டில் நான் வெந்தயம் ஊறப்போட்டால்கூட, யாராவது ஒருவர் வந்து அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.