கண்ணாடியில் நின்ற எட்டுகாலி

விலங்கியல் படித்தவனுக்கு இந்த ஊரில் நியாயம் கிடையாது. பன்னிரண்டு வருஷமாக நான் 'எட்டுகாலி கடிச்சு சானல்ல விழுந்தவன்'. அது கடிக்கவே இல்லை என்று எத்தனை தரம்தான் சொல்வது?

எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்த மாமா, எங்கள் வீட்டைப் பார்க்க வள்ளியூரிலிருந்து ரயிலில் வந்தார். இரணியல் ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர, நண்பன் ஜெபராஜின் புது ஸ்கூட்டரை இரவல் வாங்கிப் போனேன். (என்னிடம் இருந்தது சைக்கிள்.)

மாமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பாசனக் கால்வாயை ஒட்டிய சானல்கரை ரோட்டில் திரும்பும்போது வலப்பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்தேன். தாவும் சிலந்தி. நெல்மணி அளவு, உடம்பெல்லாம் ரோமம், முன்பக்கம் லாரி விளக்குபோல இரண்டு பெரிய கண்கள். வலை கட்டிக் காத்திருக்கும் சோம்பேறி அல்ல. சுவரிலும் மாவிலையிலும் பதுங்கி, பாய்ந்து இரை பிடிப்பது. கண்ணாடியில் தெரிந்த தன்னையே எதிரி என்று நினைத்து, முன்னங்கால்களைத் தூக்கிச் சண்டைக்கு நின்றது.

இதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? (ரோட்டைப் பார்த்திருக்கலாமே என்பார்கள். ரோடு தினமும்தான் இருக்கிறது.)

"மாமா, கண்ணாடியப் பாருங்க. சண்டைக்கு நிக்கான்."

"ஆரு? பொறத்தால ஆரும் வாறானா?"

"எட்டுகாலி மாமா. குதிக்கதுக்கு முன்னால நூல ஒட்டிக்கிடும். தவறினாலும் கீழ விழாது."

மாமா என் தோளுக்கு மேலாகக் குனிந்தார். சிலந்தி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. அடுத்த நொடி அவர் மூக்குக்கண்ணாடியில் இருந்தது. மாமா என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நான் சானலுக்குள் விட்டேன்.

இடுப்பளவு தண்ணீர். வெள்ளை வேட்டி சேற்று நிறமாக, மாமா மெல்ல எழுந்தார். சிலந்தியோ நூலைப் பிடித்து ஏறி, தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த வண்டிக் கண்ணாடியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"அது நூல ஒட்டிக்கிடும், சரி. நம்மள எதுல ஒட்டியிருந்தீரு?" என்றார்.

நியாயமான கேள்வி. நானோ, ஈரத்தோடு அங்கேயே நின்று, சிலந்தி பூச்சி இனமே இல்லை என்று கால்மணி நேரம் விளக்கினேன்.

சம்பந்தம் முறிந்தது என்றே வீட்டில் முடிவு கட்டினார்கள். ஆனால் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்த அவர் மகள், "இவரையே கெட்டுகேன்" என்றாளாம். அவள்தான் இப்போது வருகிற விருந்தாளிக்கெல்லாம் இதைச் சொல்கிறவள். சிலந்தி வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது.

மாமா இன்றும் இரணியலில் இறங்கினால் ஆட்டோவில்தான் வருவார். ஏறுவதற்கு முன் டிரைவரிடம் ஒன்று மட்டும் கேட்பாராம்: "தம்பி, நீரு என்ன படிச்சிருக்கீரு?"