நாலு மாடிக்கும் ஓர் அந்தரங்கம்

மாட்டுங்கா, பம்பாய் 19
24 ஆகஸ்ட் 1986, ஞாயிறு

அன்புள்ள அக்கா சுப்புலக்ஷ்மிக்கு ஷ்யாமளா எழுதுவது. நீயும் அத்திம்பேரும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அப்பா சௌக்கியமா என்று எனக்குத் தெரியாது. அவர் என்னோடு பேசி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. என்னைப் பற்றிக் கேட்காதே. மழை விடவில்லை, துணி காயவில்லை, என் முகமும் அந்தத் துணி மாதிரிதான் இருக்கிறது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, போன வாரம் தீர்ந்துவிட்டது. மெட்ராஸ் பதிப்பகத்து வேலைக்கு நான் மனுப் போட்டது உனக்கு மட்டும்தான் தெரியும். முடிவு உன் விலாசத்துக்கு வரும், வந்ததும் எனக்குத் தெரியப்படுத்து, அப்பாவிடம் நானே நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். 'உங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேன்' என்பதை எந்த வாக்கியத்துக்குள் ஒளித்துச் சொல்வது என்று தெரியாமல்தான் அவகாசம் கேட்டேன். நீ சந்தோஷத்தில் என் கடிதத் தலைப்பில் இருந்த பி.பி. நம்பருக்குப் போன் செய்துவிட்டாய். அது நீ கல்யாணமாகிப் போன பிறகு வந்த ஏற்பாடு, உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. கட்டிடத்திலேயே போன் இருப்பது முதல் மாடித் திருவேங்கடம் மாமா வீட்டில் மட்டும். மற்ற எல்லோரும் அந்த நம்பரைத்தான் ஆபீஸிலும் உறவிலும் கொடுத்திருக்கிறோம், பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்தைப் போட்டு. அழைப்பு வந்தால் மாமா சமையலறை ஜன்னலைத் திறந்து, கட்டிடத்துக்கு நடுவே கிணறு போல இருக்கிற இடைவெளியில் தலையை நீட்டிக் கூப்பிடுவார். எல்லார் வீட்டுச் சமையலறையும் குளியலறையும் அந்தக் கிணற்றைப் பார்த்துத்தான் இருக்கின்றன. போன் செய்தவர் காத்திருக்க முடியாதென்றால் சேதியையும் மாமா அங்கிருந்தே சொல்லிவிடுவார். அவருக்கு முழங்காலில் வலி. தொண்டையில் ஒன்றும் இல்லை.

அன்று காலை அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஷ்யாமளா, ஏ மூணாவது மாடி ஷ்யாமளா. ஒன் அக்கா மெட்ராஸ்லேர்ந்து பேசினா. அந்தப் புஸ்தகக் கம்பெனி வேலை ஒனக்குக் கிடைச்சுடுத்தாம். செப்டம்பர் ஒண்ணாந்தேதி சேரணுமாம். அப்பாகிட்ட இப்போ சொல்ல வேண்டாம்னா. கேட்டுதா? அப்பாகிட்ட சொல்லாதே." நான் பதில் சொல்லவில்லை என்பதால் இன்னொரு முறையும் சொன்னார், நாலாவது மாடியிலிருந்து யாரோ "கேட்டுது மாமா" என்று சொல்லும் வரைக்கும்.

அப்பா அப்போது குளியலறைக் கண்ணாடி முன் முகமெல்லாம் சோப்போடு நின்றிருந்தார். தண்ணீர் வரும் நேரம், வாளியில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது, டிரான்ஸிஸ்டரில் டெல்லிச் செய்தி வேறு. எல்லாவற்றுக்கும் மேலே மாமாவின் குரல். அப்பாவின் கை கன்னத்தில் அப்படியே நின்றது. கண்ணாடியில் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி மிச்சக் கன்னத்தையும் மழித்துவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டு வந்து, என்னைப் பார்க்காமலே, "காப்பியை நன்னா ஆத்திக் குடு" என்றார். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற மனுஷர். எல்லாம் ஆறிப்போய்விட்டது என்பதை இதைவிட நாசூக்காக ஒரு தகப்பன் சொல்ல முடியாது. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "உம்" ஒன்றுதான் பதில். சாதத்தை மோரில் கரைத்து விழுங்கிவிட்டு எழுந்துவிடுகிறார். நான் செய்ததை மெல்லக்கூட அவருக்கு மனமில்லை.

படியில் எதிர்ப்படுகிறவர்களோ வேறு விதம். எதிர் வீட்டு அம்மிணி மாமி என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போகிறார். அப்பா கூட வந்தால் சட்டென்று தக்காளி விலைக்குத் தாவிவிடுகிறார். மற்றவர்களும் அப்படித்தான், அப்பாவைக் கண்டால் எல்லோருக்கும் தக்காளி ஞாபகம் வருகிறது. சிரிப்பை அடக்க ஒவ்வொருவரும் ஒரு காய்கறியைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். நான் எதையும் எவரிடமும் சொல்லிப் பழகாதவள் என்பது உனக்குத் தெரியும். புஸ்தகத்துக்கு அட்டை போட்டுத்தான் ரயிலில் படிப்பேன். அப்படிப்பட்டவளின் ஒரே ரகசியம் நாலு மாடியிலும் வெங்காயம் மாதிரி உரிபட்டுக் கிடந்தது. அப்பாவிடம் பேசத்தான் தைரியம் வரவில்லை. ஊரிடம் பேச எங்கிருந்தோ வந்தது. குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் கீழ் வீட்டு அனந்தநாராயணன் மாமாவின் ஹாலில் கூட்டம். அவர் வங்கியின் சட்ட இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர், சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். நான் எழுந்து நின்று, ராத்திரியெல்லாம் உருப்போட்டதை ஒப்பித்தேன். "அந்தரங்கம் என்பது இந்த நாட்டின் அரசியல் சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் உறுதி செய்திருக்கிற அடிப்படை உரிமை." கைதட்டல்கூடக் கேட்டது. அனந்தநாராயணன் மாமா மட்டும் தட்டவில்லை. "எந்த ஷரத்து, குழந்தே?" என்றார். பத்தொன்பது என்றேன். உள்ளே போய்த் தடியாக ஒரு புஸ்தகத்தைக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். பத்தொன்பதில் பேச்சு இருந்தது, கூட்டம் இருந்தது, தொழில் இருந்தது. அந்தரங்கம் இல்லை. இருபத்தொன்று என்றேன். அதில் உயிர் இருந்தது, சுதந்திரம் இருந்தது. அக்கா, எத்தனை புஸ்தகம் படித்திருக்கிறேன், இந்த ஒரு புஸ்தகத்தை மட்டும் படிக்காமலே மேற்கோள் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கட்டிடமே பார்த்துக்கொண்டிருக்க, பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஃபேன் காற்றில் தாள்கள் அவையாகவும் புரண்டன.

"அந்தச் சொல்லே கிடையாதும்மா" என்றார் மாமா, பரிதாபமாக. "கோர்ட்டுலே ஒருதரம் இல்லேன்னு தீர்ப்பு, இன்னொருதரம் இருக்கலாமோ என்னவோன்னு தீர்ப்பு. புஸ்தகத்திலே இல்லை."

திருவேங்கடம் மாமாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "அரே, நான் கேக்கறேன். என் போன், என் ஜன்னல், என் தொண்டை. எல்லாம் என் சொத்து. சொத்து அடிப்படை உரிமையோன்னோ?"

"ஓய், சொத்தை அந்தப் பாகத்துலேர்ந்து எடுத்து ஏழெட்டு வருஷம் ஆச்சு. இப்போ அது வெறும் சட்ட உரிமை."

"யார் எடுத்தா?"

"பார்லிமென்ட்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"பி.பி. நம்பருக்குப் போன் பண்ணியிருப்பா. நீர் ஜன்னல்ல நின்னுண்டு இருந்திருப்பீர்."

அம்மிணி மாமி பயந்துபோய், "வோட்டாவது இருக்கோ இல்லையோ?" என்று கேட்டார். "இருக்கு மாமி, ஆனா அடிப்படை உரிமையிலே இல்லே. பின்னாடி, எலெக்ஷன் பாகத்துலே இருக்கு" என்றார் தலைவர். "பின்னாடின்னா எவ்வளவு பின்னாடி?" என்று மாமி விடவில்லை. அந்தச் சிரிப்பில்தான், வாசற்படியில் நின்றிருந்த வாட்ச்மேன் அய்யாத்துரை தொண்டையைச் செருமினார். தாராவியிலிருந்து வருகிறவர், முன்பு மில்லில் இருந்தார். "ஐயா, ஸ்டிரைக் பண்ணுத உரிம இருக்குல்லா?"

"சங்கம் வெச்சுக்கலாம் அய்யாத்துரை. ஸ்டிரைக்கை அடிப்படை உரிமைன்னு கோர்ட் ஒத்துக்கலை."

"அப்பிடியா" என்றார் அவர். "நாங்க இருக்குன்னு நெனச்சுல்லா உக்காந்தோம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாலு வருஷத்துக்கு முந்தைய அந்த மில் ஸ்டிரைக்கில் மூடிய அவர் மில் இன்னும் திறக்கவில்லை. நான் புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டேன், அதில் பார்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும். அப்புறம் யாரோ, "நாலு மணிக்கு எல்லா உரிமையும் இருந்தது, அஞ்சு மணிக்கு ஒண்ணும் இல்லே. இந்தப் பொண்ணு வாயைத் திறக்காம இருந்தா பாக்கியாவது இருந்திருக்கும்" என்றார்கள். அதுதான் தீர்மானம் மாதிரி ஆகிவிட்டது.

இதையெல்லாம் அப்பா கடைசி நாற்காலியில் கன்னத்தில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் அவர் என்னைப் பார்த்து முழுசாகப் பேசிய ஒரே வாக்கியம் அன்றைக்குத்தான். "அப்படி என்னம்மா சேதி அது, இவ்வளவு கோபம்?" வாயைச் சரியாகத் திறக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அப்பாவுக்கு இவ்வளவு கசப்பாகக் குத்த வரும் என்று எனக்குத் தெரியாது. ஹால் முழுக்க ஃபேனை அண்ணாந்து பார்த்தது. அனந்தநாராயணன் மாமா என்னவோ சொல்ல வாயெடுத்தார், அம்மிணி மாமி கட்டிடம் அதிர இருமி, டீ ஆறிப்போகிறது என்றார். குத்துகிறவருக்கு ஊரே ஒத்து ஊதுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டதா? மறுநாளிலிருந்து திருவேங்கடம் மாமாவின் ஜன்னல் மூடிவிட்டது. போன் மணி அடிக்கும், அவர் எடுப்பார், "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார். அம்மிணி மாமியின் பிள்ளை துபாயிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுகிறவன். இரண்டு வெள்ளி மாமி தலை வாரிக்கொண்டு சமையலறை ஜன்னலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மூடிய ஜன்னலுக்கு உள்ளே மணி அடித்து ஓய்ந்தது. மாமி என்னை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வெள்ளி ராத்திரி ஒரு கிண்ணம் கூட்டு அனுப்பினார். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

மறுநாள் காலை திருவேங்கடம் மாமா வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது மாமா, மன்னிச்சுடுங்கோ, என்றேன். அவர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒன் ரகசியத்தைக் காப்பாத்தலேன்னு சபையிலே சொன்னியே. ஒங்கப்பாகிட்ட நான் சொன்னேனா?"

"நாலு மாடிக்கும் சொன்னேளே, மாமா."

"நாலு மாடிக்குச் சொன்னேன். அது ஏற்பாடு. ஒங்கப்பாகிட்ட சொன்னேனா, அதைச் சொல்லு."

இந்தத் தர்க்கத்துக்கு எந்தப் புஸ்தகத்திலும் பதில் இருக்காது. இல்லை மாமா என்றேன். அவர் எழுந்து, நொண்டிக்கொண்டே போய், ஜன்னலைத் திறந்தார். முந்தாநாள் வெள்ளிக்கிழமை "அம்மிணி, துபாய்" என்று அவர் கூவியது எனக்குக் கச்சேரி மாதிரி இருந்தது. மாமி ஒரு செருப்போடு ஓடினார்.

ஆகவே அக்கா, நான் முடிவு செய்துவிட்டேன். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நீ அந்தப் பதிப்பகத்துக்கு நேரில் போய், என் தங்கை வர முடியாத நிலையில் இருக்கிறாள், மன்னிக்கவும், என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வா. சேதியை ஊரோடு சேர்ந்து கிணற்றடியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த அப்பாவிடம் போய், இனி எந்த முகத்தோடு அனுமதி கேட்பேன்? அவருக்கு மோர் சாதம் கரைத்துப் போட்டுக்கொண்டு இங்கேயே இருந்துவிடுகிறேன். அவர் பேசாமல் இருக்கிற வீட்டில் நானும் பேசாமல் இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை, பழக்கம்தானே.

குழந்தைக்கு என் முத்தம். அத்திம்பேருக்கு நமஸ்காரம் சொல். இந்தக் கவரை நன்றாக ஒட்டி அப்பாவிடம்தான் கொடுக்கப் போகிறேன், நாளை ஆபீஸ் போகும்போது ஸ்டேஷன் பெட்டியில் போட்டுவிடுவார். இந்தக் கட்டிடத்தில் பிறர் கடிதத்தைப் பிரிக்காத ஒரே மனுஷர் அவர்தான். அந்த ஒன்றாவது இன்னும் மிச்சமிருக்கிறது.

உன் அன்புள்ள தங்கை,
ஷ்யாமளா

பின்குறிப்பு: சௌ. சுப்புலக்ஷ்மிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். கவர் கனமாக இருந்தது, ஸ்டாம்ப் போதுமோ போதாதோ என்று எத்தனை தாள் என எண்ணிப் பார்க்கத்தான் பிரித்தேன். படிக்கவில்லை. முதல் பக்கத்தை மட்டும் பார்த்தேன், அது புரியாததால் மற்றதையும். அன்று காலை குழாய்ச் சத்தத்தில் எனக்கு எந்தச் சேதியும் காதில் விழவில்லை. கை நின்றது கடைவாய்ப் பல் சுரீரென்று இழுத்ததால். அன்றிலிருந்து வாயைத் திறக்க முடியவில்லை, சூடும் ஆகவில்லை. நாளைக்குப் பிடுங்கிக்கொள்வதாக இருக்கிறேன். வேலைச் சேதி இப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் வலித்தது, அதுவும் பல்தான் என்று வைத்துக்கொள்கிறேன். நாலு மாடி ஜனம் மூன்று வாரமாக எனக்குத் தெரியாமல் ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள், நான் ஒருவன் தக்காளி விலைக்குக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தக் கட்டிடத்தில் அந்தரங்கம் இல்லையென்று யார் சொன்னது? நீ பதிப்பகத்துக்குப் போக வேண்டாம். ரயில்வேயில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்குத் தாதர் எக்ஸ்பிரஸில் ஒரு பெர்த் கிடைக்காமல் போகாது. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். பல்லைப் பிடுங்கிவிட்டு நான் பேச ஆரம்பிக்கிறேன், அவளாகச் சொல்லட்டும். இதைப் போனில் மட்டும் சொல்லிவிடாதே.