மாமனார் சதுரங்கம் மீட்ட படலம்

வாழிய, லிஃப்ட் மெக்கானிக்! மாடிகளுக்கிடையே அந்தரத்தில் சிக்கி அலறியோரைத் திருப்புளி ஒன்றே துணையாக மீட்டெடுத்த திண்தோளர், கிரீஸ் மணக்கும் கரத்தர், காலைக் காபி ஆறுமுன் கணினியின் கருநிற ராஜாவை மூலையில் முடக்கி, நாள்தோறும் வெற்றியன்றி வேறறியாத சதுரங்கச் சக்கரவர்த்தி, தம் மகளை மணந்த மாப்பிள்ளையின் பேச்சைக் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்ட பாட்டைப் பாடப் புகுந்தோம். கேட்போர் சிரிப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொள்க.

வைரஸ் என்னும் வஞ்சகப் பகை புகுந்து கணினி நொண்டியடிக்கவே, மென்பொருள் எழுதிப் பிழைக்கும் மாப்பிள்ளை முந்தின நாள்தான் பழைய இயங்குதளத்தை வேரோடு பிடுங்கியெறிந்து, லினக்ஸை அரியணை ஏற்றியிருந்தார். "இனிமே எல்லாம் பறக்கும் மாமா!" என்று சூளும் உரைத்திருந்தார். எல்லாம் பறக்கத்தான் செய்தது. சதுரங்கத்தைச் சொடுக்கியபோது மட்டும், 'இக்கோப்பைத் திறக்க இயலாது' என்னும் இறுமாந்த அறிக்கை திரையில் எழுந்தது.

வேறொரு நாளாயின் பொறுத்திருப்பார். அன்று மாலை வரவிருந்தவரோ சம்பந்தி, அந்த மாப்பிள்ளையைப் பெற்ற தந்தை! கல்யாணப் பேச்சு தொடங்கிய நாள்முதல், கம்ப்யூட்டரையே கதறவிட்டதாக நம் தலைவர் அளந்ததையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, "சரி சம்பந்தி, ஒரு தடவை கண்ணால பாத்துடுறேனே" என்று கிளம்பிவிட்டவர். ஆட்டம் ஓடாவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

மூண்டது போர். பழைய நிரல்களைப் புதுத்தளத்தில் ஓடவைக்கும் துணை மென்பொருளைத் தூதனுப்பினார் மாப்பிள்ளை. அது தனக்கொரு துணை கேட்டது. அத்துணை வந்து தனக்கும் ஒன்று கேட்டது. கேட்டதையெல்லாம் கொடுத்தபின் ஆட்டம் திறந்தது, ஆனால் எழுத்தெல்லாம் வெறுங்கட்டங்கள். எழுத்துருவை ஏற்றினால் குதிரைகளைக் காணோம். குதிரைகளைப் பிடித்துவந்து நிறுத்தினால் சுட்டி உறைந்துபோயிற்று. பின்னால் நின்ற மாமனாரோ, முரண்டுபிடிக்கும் லிஃப்டைத் தட்டிப் பழகிய கையால் பெட்டியின் மண்டையில் இரண்டு போட்டு உதவி செய்தார். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மாமியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பொழுது சாயுமுன் வெற்றித்திருமகள் மனமிரங்கினாள். கட்டங்கள் ஒளிர்ந்தன, காய்கள் அணிவகுத்தன, எதிரியின் திறம் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்று ஆட்டம் பணிவுடன் வினவியது. மாமனார் சட்டை மாற்றச் சென்றிருந்தார். தினந்தோறும் வெல்லும் மகாவீரருக்கு எளிய எதிரியை நிறுத்துவது மரியாதையாகுமா? மாப்பிள்ளை சற்றும் யோசிக்காமல் 'மிகக் கடினம்' என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

சம்பந்தி வந்தார், அமர்ந்தார், பிஸ்கட்டை எடுத்தார். "இப்ப பாருங்க சம்பந்தி, எப்படி ஓட ஓட விரட்டுறேன்னு!" என்று முழங்கிக் காலாளை முன்செலுத்தினார் தலைவர். அந்தோ! ராணி போனாள், யானைகள் சாய்ந்தன. சம்பந்தி அந்த ஒரு பிஸ்கட்டைத் தின்று முடிக்குமுன் வெண்ணிற ராஜா நாற்புறமும் வளைக்கப்பட்டு நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

மகள் கணவனின் காதோரம் குனிந்தாள். "எந்த லெவல்லங்க வெச்சீங்க? அது நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எனக்காக 'குழந்தைகள்'னு மாத்தி வெச்சது. அப்பா இன்னிக்கு வரைக்கும் அதத் தொட்டதே இல்ல."

அதற்குள் தலைவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, நிமிர்ந்து, அவையோர் அனைவரும் கேட்குமாறு திருவாய் மலர்ந்தருளினார்: "இந்தப் புது சிஸ்டத்துல என்னமோ கோளாறு இருக்கு!"

சம்பந்தி தம் மகனைத் திரும்பிப் பார்த்தார். மாமியார் பார்த்தார், மகள் பார்த்தாள். புதுத்தளத்தின் புகழை நேற்றிலிருந்து ஓயாமல் பாடிய அந்த வாய் திறப்பதற்காக வீடே காத்திருந்தது.

மாப்பிள்ளை தம் தந்தையிடம், "ஆமாப்பா, கோளாறுதான்" என்றார்.