மாப்பிள்ளை வீட்டு வேனுக்கு நான் எடுத்த இ-பாஸ்

வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாப்பிள்ளை வீட்டு வேனுக்கு இ-பாஸ் எடுக்கணும். அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை திருப்பூர்ல இருந்து என் தங்கச்சி ரிஸ்வானாவைப் பார்க்க வர்றாங்க. வெளியூர் வண்டி நீலகிரி மலை ஏறணும்னா இ-பாஸ் வேணும். ஆன்லைன்ல அஞ்சு நிமிச வேலை. காசும் கிடையாது.

அதை அவங்களே எடுத்திருப்பாங்க. நான்தான் விடலை.

மாப்பிள்ளையோட தாய்மாமா போன்ல, "பாஸ் நாங்க எடுத்துக்கறோம் தம்பி"ன்னு எவ்வளவோ சொன்னாரு.

"என்னங்க மாமா பேசறீங்க? எங்க ஊருக்கு விருந்தாளியா வர்றீங்க. உங்களைப் போயி பாஸ் எடுக்க உடுவேனா? நானிருக்கேன்!"

இதுல ஒரு சின்ன விசயம். எங்க வண்டியெல்லாம் டிஎன் 43. உள்ளூர் வண்டிக்கு பாஸே தேவையில்லை. குன்னூர்லயே பொறந்து வளர்ந்தவன் நான். என் வாழ்க்கையில ஒரு இ-பாஸ் எடுத்தது கிடையாது. அது கறுப்பா செவப்பான்னுகூடத் தெரியாது.

ஆனா வாக்குக் குடுத்தாச்சே!

எங்க அத்தா மவுத்தாகி ஆறு வருசமாச்சு. ரிஸ்வானாவுக்கு நான்தான் எல்லாம். பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா. இதுக்கு முன்னாடி வந்த மூணு இடத்தையும் அவளே வேண்டாம்னுட்டா. இந்த அன்வரோட போட்டோவைக் காட்டினப்ப மட்டும் ஒண்ணும் சொல்லாம, போட்டோவையும் திருப்பிக் குடுக்காம உள்ள போயிட்டா. எங்க ஊட்டுல அதுக்குப் பேரு சம்மதம்.

அன்வருக்குக் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. வைரஸ், திருட்டு சைட்டெல்லாம் கம்பெனிக்குள்ள வராம பார்த்துக்கறதுதான் வேலையாம்.

"அப்ப கம்ப்யூட்டர் வாட்ச்மேனா?"ன்னு கேட்டேன். ரிஸ்வானா மொறைச்சா. மொறைப்பைப் பார்த்ததும் முடிவு பண்ணிட்டேன், இந்த இடம் மட்டும் கை நழுவக் கூடாது.

எனக்குக் குன்னூர் பஜார்ல ஸ்வெட்டர் கடை. அத்தா சொல்லிக் குடுத்த தொழில். கடை முன்னாடி நிழலாடினாலே, "வாங்க வாங்க, உள்ள வந்து பாருங்க"ன்னு கூப்பிடணும். வாங்கறாங்களோ இல்லையோ, வேண்டாங்கற வார்த்தை மட்டும் நம்ம வாயில இருந்து வரக்கூடாது.

கடையில ஒரு லேப்டாப் இருக்கு. அதுலயும் எனக்கு அதே பழக்கம்தான்.

எந்த சைட்டுக்குப் போனாலும் ஒரு சின்னப் பெட்டி வந்து நிக்கும். "உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பட்டுமா?" இவ்வளவு மரியாதையா கேக்கறானே! அனுமதி. "நீங்க இருக்கற இடத்தைத் தெரிஞ்சுக்கட்டுமா?" தாராளமா. "இந்த எக்ஸ்டென்ஷனைச் சேர்க்கலாமா?" வாப்பா, நீயும் வா.

இப்படியே வந்து வந்து, லேப்டாப்பைத் தொறந்தாலே சந்தைக்கடை. வலது மூலையில டிங் டிங்னு ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழும். கார் பரிசு விழுந்திருக்குங்கும். முட்டி வலிக்கு எண்ணெய்ங்கும்.

என் சம்சாரம் சபீனா மத்தியானச் சோறு கொண்டு வந்தவ, எட்டிப் பார்த்துட்டு தலையில அடிச்சுக்கிட்டா.

"ஏனுங்க, கடைக்கு ஆளுகளைக் கூப்பிடற மாதிரியே இதுலயும் போறவன் வர்றவனையெல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கீங்களே! மொதல்ல இந்த பிரவுசரைக் கடாசிட்டு நல்லதா ஒண்ணு போடுங்க. அன்வர்கிட்ட இதைக் காட்டிராதீங்க, பொண்ணே வேண்டாம்னு ஓடிருவாரு."

எனக்கு அன்னைக்குத்தான் தெரியும், பிரவுசர்லயே வேற வேற இருக்குன்னு. நான் இன்டர்நெட்டுன்னாலே அது ஒண்ணுதான்னு நெனச்சுட்டு இருந்தேன்.

சரி, மாத்திருவோம். ரோசம் வந்துருச்சு. அதே பழைய பிரவுசர்லயே டைப் பண்ணினேன். "ரொம்பப் பாதுகாப்பான பிரவுசர் எது?"

பாருங்க என் அறிவை! திருடன்கிட்டயே போயி, நல்ல பூட்டு எந்தக் கடையில கெடைக்கும்னு கேட்டிருக்கேன்.

அவனும் தங்கமா பதில் சொன்னான். மொதல்லயே ஒண்ணு வந்துச்சு. பெருசா ஒரு கேடயம் படம். பக்கத்துல ஒரு பூட்டு. கீழ "நூறு சதவீதம் பாதுகாப்பு". ஓரத்துல எறும்பு சைஸ்ல "விளம்பரம்"னு போட்டிருந்ததை யாரு பார்த்தா? கேடயமும் இருக்கு, பூட்டும் இருக்கு, வேறென்ன வேணும்?

டவுன்லோட். நெக்ஸ்ட். நெக்ஸ்ட். நெக்ஸ்ட். முடிஞ்சது.

புது பிரவுசரைத் தொறந்தேன். இன்னைய ராசிபலன் வந்துச்சு. நான் கேக்கவே இல்லையே! சரி, வந்த எடத்துல அன்பா ஏதோ சொல்றான்னு விட்டுட்டேன்.

அதுலயே "நீலகிரி இ-பாஸ்"னு தேடினேன். மொதல்ல வந்த சைட்டுக்குள்ள போனேன். வண்டி நம்பர் கேட்டான், குடுத்தேன். என் பேரு, போன் நம்பர் கேட்டான், குடுத்தேன். அறிவிப்பு அனுப்பட்டுமான்னான். அனுமதி. பாஸ் வேணும்னா ஒரு எக்ஸ்டென்ஷன் போடணும்னான். போட்டேன்.

டக்குனு பாஸ் வந்துருச்சு. ஆகா! ஊட்டி ஏரிப் படம், மலை ரயில் படம், சுத்தி ரோஜாப்பூ பார்டர். நடுவுல ஸ்கேன் பண்ற கட்டம். கல்யாணப் பத்திரிகை தோத்துப் போயிரும். பாஸுல இத்தனை ரோஜா எதுக்குன்னு அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரலை. நம்ம ஊரைப் பத்தி எவ்வளவு அழகா போட்டிருக்காங்கன்னு பெருமைதான் வந்துச்சு.

மாமாவுக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். "பலே தம்பி! நம்ம வீட்டுக்கு ஏத்த ஆளுதான்"னு பதில் போட்டாரு. அதை சபீனாகிட்ட ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினேன்.

ஞாயித்துக்கிழமை.

ஊட்டுல பிரியாணி தம்ல இருக்கு. டீக்குத் தொட்டுக்க ஊட்டி வர்க்கி பிஸ்கட்டெல்லாம் தட்டுல அடுக்கியாச்சு. ரிஸ்வானா காலையில இருந்து மூணு தடவை சேலை மாத்திட்டா. பதினோரு மணிக்கு மாமாகிட்ட இருந்து போன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா! எங்க வந்துட்டு இருக்கீங்க?"

"வ அலைக்கும் ஸலாம். கல்லாறு செக்போஸ்ட்ல நிக்கறோம் தம்பி. நீங்க அனுப்புன பாஸை ஸ்கேன் பண்ணினாங்க."

"சரிங்க மாமா."

"வழுக்கைத் தலையில் இருபத்தோரு நாளில் முடின்னு வருது."

"எ... என்ன வருது மாமா?"

"மறுபடி ஸ்கேன் பண்ணினாங்க. மறுபடியும் அதேதான் வருது. போலீஸ்காரரு போனைப் பார்க்கறாரு, என் தலையைப் பார்க்கறாரு. போனைப் பார்க்கறாரு, தலையைப் பார்க்கறாரு."

மாமாவுக்குத் தலையில ஒத்தை முடி கிடையாது. போட்டோவுல நானே பார்த்திருக்கேன்.

"மாமா, சத்தியமா நான் வேணும்னு பண்ணலை..."

"வேன்ல பதினாலு பேரு சிரிச்சுட்டு இருக்காங்க தம்பி. நான் சிரிக்கலை."

போனை வெச்சுட்டாரு.

திரும்பிப் பார்த்தா ரிஸ்வானா நிக்கறா. "என்னாச்சுண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. டிராபிக்."

எனக்குச் சின்ன வயசுல இருந்தே பொய் சொல்லத் தெரியாது. அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். நடந்ததை மொத்தமா சொல்லிட்டேன். கத்துவான்னு நெனச்சேன். கத்தலை. "அவங்க அப்படியே திரும்பிப் போயிட்டா..."ன்னு ஆரம்பிச்சா, முடிக்காம ரூமுக்குள்ள போயிட்டா. அதுக்கு அவ கத்தியிருக்கலாம். மூணு இடத்தை வேண்டாம்னவ நாலாவதா ஆசைப்பட்ட இடம். அதை நான் முடி வளர்க்கற விளம்பரத்துல கொண்டு போயி விட்டுட்டேனே!

அரை மணி நேரம். போன் வரலை. நானா பண்ணவும் தைரியம் இல்லை.

அப்புறம் மாமாகிட்ட இருந்து ஒரு வரி. "பாஸ் எடுத்தாச்சு. வர்றோம்."

அன்வரே செக்போஸ்ட்ல சரியான சைட் அட்ரஸைக் கேட்டு, போன்ல டைப் பண்ணி அஞ்சு நிமிசத்துல எடுத்துட்டாராம். நான் வெள்ளிக்கிழமை மத்தியானம் பூரா எடுத்த பாஸை!

வேன் வந்து நின்னுச்சு. மொதல்ல எறங்கினது மாமா. தலையில புத்தம்புது மங்கி கேப். பர்லியார்ல நிறுத்தி வாங்கினாராம். என் கடையில எறநூறு மங்கி கேப் தொங்குது. வர்ற வழியில, ரோட்டோரத்துல, வேற ஒருத்தன்கிட்ட வாங்கி மாட்டிட்டு வந்திருக்காரு மனுசன்!

எல்லாரும் உக்கார்ந்தாங்க. டீ குடிக்கற சத்தம் மட்டும்தான்.

எனக்குப் பொறுக்கலை. "மாமா, நான் கிண்டல் பண்ணலைங்க. அந்த சைட்டையே காட்டறேன், நீங்களே பாருங்க"ன்னு, கடையில இருந்து ஊட்டுக்குக் கொண்டு வந்திருந்த லேப்டாப்பை எடுத்து டீப்பாய் மேல வெச்சுத் தொறந்தேன்.

சபீனா கதவுக்குப் பின்னாடி நின்னு வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டறா. நான் கவனிக்கலை.

டிங்! "உங்கள் கணினியில் 39 வைரஸ்கள்."

டிங்! "வாழ்த்துகள்! நீங்கள் ஒரு கார் வென்றுள்ளீர்கள்."

டிங்! "உங்கள் பகுதியில் வரன் தேடும் பெண்கள். உடனே பேசுங்கள்!"

தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கற நாள்ல எனக்கு வரன் வருது! கதவுப்பக்கம் திரும்பவே பயமா இருந்துச்சு.

மூடலாம்னு கையை நீட்டினேன். அதுக்குள்ள கடைசியா ஒண்ணு வந்து விழுந்துச்சு.

டிங்! "வழுக்கைத் தலையில் இருபத்தோரு நாளில் முடி!"

மாமா குனிஞ்சு பார்த்தாரு. "இதேதான் தம்பி. இந்தப் படமேதான்"னாரு. கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தாரு. மெதுவா மங்கி கேப்பைக் கழட்டினாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க! அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

அந்நேரம் பார்த்து, கூப்பிடாமலே ரிஸ்வானா வெளிய வந்துட்டா.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. எங்கண்ணனுக்கு வாசல்ல வந்து நிக்கிற யாரையும் வேண்டாம்னு சொல்ல வராது. மனுசன் வந்தாலும் சரி, வைரஸ் வந்தாலும் சரி."

அன்வர் அவளைப் பார்த்தாரு. அவளும் பார்த்தா. அப்புறம் அவரு என் பக்கம் திரும்பினாரு.

"நகருங்க மச்சான், நான் பார்க்கறேன்."

மச்சான்! கட்டிக்கப்போற பொண்ணோட அண்ணனைத்தான் அப்படிக் கூப்பிடுவாங்க. பெரியவங்க யாரும் இன்னும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லலை. கூடத்துல எல்லாரும் எல்லார் மூஞ்சியையும் பார்த்துக்கிட்டாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வெங்காயம்னு சொல்லிச் சமாளிச்சேன். கூடத்துல ஏது வெங்காயம்?

மாப்பிள்ளை அந்தக் கேடயம் போட்ட பிரவுசரைத் தூக்கி வீசினாரு. அப்புறம் ஒரு நீளமான லிஸ்ட்டைக் காட்டினாரு.

"மச்சான், அறுபத்தி மூணு சைட்டுக்கு அனுமதி குடுத்திருக்கீங்க."

"எல்லாருமே கேட்டாங்க மாப்ள."

"கேட்டா குடுத்துருவீங்களா?"

"மரியாதையாதானே கேட்டாங்க!"

பெருமூச்சு விட்டாரு. விளம்பரத்தையும், நம்ம பின்னாடியே வந்து வேவு பார்க்கறதையும் தானே தடுக்கற ஒரு பிரவுசரை, அதைத் தயாரிக்கறவங்களோட சொந்த சைட்டுலயே போயி எடுத்துப் போட்டாரு. "தேடினா மொதல்ல வர்றதெல்லாம் ஒரிஜினல் இல்லைங்க மச்சான். அட்ரஸை முழுசா படிங்க. அப்டேட் கேட்டா தள்ளிப் போடாதீங்க. எவ்வளவு நல்ல பிரவுசர் போட்டாலும், கதவைத் தொறந்து விடறது நீங்களா இருந்தா அது என்னங்க பண்ணும்? தெரியாதவன் கேட்டா தடுத்துருங்க. பாஸ்வேர்டு எல்லாத்தையும் இன்னைக்கே மாத்திருங்க."

"அது சுலபம் மாப்ள. எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான்."

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கிட்டாரு. ரொம்ப நேரம் தொறக்கவே இல்லை.

பிரியாணி சாப்பிட்டுட்டு சம்மதம் சொல்லிட்டுத்தான் கிளம்பினாங்க. மாமா போகும்போது என் கடையில இருந்து ரெண்டு மங்கி கேப் எடுத்துட்டுப் போனாரு.

அன்னையில இருந்து நான் வேற ஆளு. எந்தப் பெட்டி வந்து என்ன கேட்டாலும், தடு. தெரியாத நம்பர்ல இருந்து லிங்க் வந்தா, தடு. எவ்வளவு மரியாதையா கேட்டாலும் சரி, தடு. போன்லயும் அதேதான். சபீனாவே அசந்துட்டா.

போன வாரம் ரிஸ்வானா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தா.

"அண்ணே, நிக்காஹ் வைக்க ரெண்டு மண்டபத்தைப் பார்த்து, எது தோதுப்படும்னு கேட்டு மாமா அவரோட புது நம்பர்ல இருந்து உனக்கு லிங்க் அனுப்பினாராம். நாலு நாளா பதிலே இல்லையாம். போன் பண்ணினாலும் போக மாட்டேங்குதாம். உனக்கு அவரு மேல ஏதாச்சும் கோபமான்னு கேக்கறாராம்."

போனை எடுத்துப் பார்த்தேன்.

அந்த மனுசனை நான் செக்போஸ்ட்ல நிறுத்தறது இது ரெண்டாவது தடவை.